சூம் வகுப்பில வீடியோ போட்டா ஏன் இப்பிடி இழுபடுது? நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?

சயன்ஸ்மிஸ்:

வணக்கம் எல்லாருக்கும். நான் வெள்ளவத்தையில இருந்து தரம் 10, 11 பிள்ளையளுக்கு ஒன்லைன்ல விஞ்ஞானம் படிப்பிக்கிறன். 2020 மார்ச்ல பள்ளிக்கூடங்கள் பூட்டேக்க ரெண்டு மூண்டு கிழமைக்குத்தானே எண்டு தொடங்கினது, இப்ப அதுவே தொழிலாப் போச்சு. ஒரு வகுப்பில 38 பேர், அரைவாசி கொழும்பு, மிச்சம் வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் எண்டு சிதறிக் கிடக்கினம்.

போன செவ்வாய் கலப்பிரிவு பாடம். இது புத்தகத்தில படமாப் பாத்தா விளங்கிற விஷயமே இல்லை, அசைஞ்சாத்தான் விளங்கும், அதால இழையுருப்பிரிவுக்கு, அதுதான் ஒரு கலம் (செல்) ஒரே மாதிரி ரெண்டாப் பிரியிறதுக்கு, நல்ல அனிமேஷன் ஒண்டு தேடி எடுத்து, 11 நிமிஷம், ஸ்கிரீன் ஷேர் பண்ணிப் போட்டன். முதல் நாலு நிமிஷம் பிள்ளையளுக்குச் சத்தமே போகேல்ல. எனக்குக் கேக்குது, அவையளுக்குக் கேக்கேல்ல, ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. கடைசியா ஒரு பெடியன் மட்டும் "மிஸ் இது சத்தமில்லாத படமா" எண்டு சாட்ல கேக்கிறான். சரியெண்டு ஹெட்செட்டைக் கழட்டிப்போட்டு லப்டொப் ஸ்பீக்கரைக் கூட்டி மைக்குக்குள்ளால அனுப்பப் பாத்தன், அந்த நேரம் பாத்து மரைன் டிரைவ் பக்கத்தால கோச்சி போகுது, வீடு ரோட்டில இருந்து ரெண்டாவது பில்டிங், கேக்கவே வேணாம்.

அதோட படமும் இழுத்து இழுத்துத்தான் போச்சாம். நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்) நடுவில வந்து நிரையா நிண்டது நிண்டதுதான், அடுத்தது பாத்தா ரெண்டு மகட்கலம், அதுதான் பிரிஞ்சு வாற புதுக் கலம். நடுவில பிரிஞ்சு முனைகளுக்கு இழுபடுற அந்த இடம்தான் எனக்குக் காட்ட வேண்டியது, அது மட்டும் ஒருத்தருக்கும் தெரியேல்ல. போதாக்குறைக்கு ஏழாவது நிமிஷத்தில கிறீம் விளம்பரம் ஒண்டு. முடிய "எல்லாருக்கும் விளங்கினதா" எண்டு கேட்டன், ஓம் மிஸ் ஓம் மிஸ் எண்டு வரிசையா வந்தது. அடுத்த நாள் அதில சின்னக் கேள்வி ஒண்டு குடுத்தா ஐஞ்சு பேர் சரியா எழுதியிருந்தவை.

இப்ப என்ர கேள்வி, பிழை எங்க? புது ரவுட்டர் வாங்கோணுமா, பெரிய டேட்டா பக்கேஜ் போடோணுமா, லப்டொப் மாத்தோணுமா? இல்லாட்டி வீடியோவே வேணாம் எண்டு விட்டுட்டு முந்தி மாதிரி வெள்ளைப் பலகையில கீறிக் காட்டவா? காசு செலவழிக்க முன்னம் அனுபவமுள்ள ஆரும் சொல்லுங்கோ.


கேபிள்தம்பி:

மிஸ், ஒண்ணும் வாங்காதீங்க. பம்பலப்பிட்டியில கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவன் நானே சொல்றன், வாங்காதீங்க.

சத்தம் போகாதது ஒரு டிக் போடாததால. ஷேர் ஸ்கிரீன் அமத்தினதும் வாற பெட்டியில கீழ "ஷேர் சவுண்ட்" எண்டு சின்னதா ஒண்டு இருக்கும், அத டிக் பண்ணினா லப்டொப் சத்தம் நேரா பிள்ளைகளுக்குப் போகும், மைக்க மியூட்ல போட்டாலும் போகும், கோச்சி போனாலும் பிரச்சினை இல்ல. பக்கத்திலயே "ஒப்டிமைஸ் ஃபோர் வீடியோ கிளிப்" எண்டு இன்னொண்டு. வீடியோவ முழு ஸ்கிரீன்ல போடக்குள்ள மட்டும் அத டிக் பண்ணுங்க, முடிஞ்சதும் எடுத்துடுங்க, இல்லாட்டி அடுத்து போடுற ஸ்லைட்ல எழுத்தெல்லாம் மங்கிப் போகும். கனபேர் எடுக்க மறந்துட்டு லப்டொப்ப தூக்கிட்டு என்கிட்ட வாறாங்க. கூகுள் மீட் பாவிக்கிறவங்க எண்டா முழு ஸ்கிரீன ஷேர் பண்ணாம குரோம்ல அந்த டப்ப மட்டும் ஷேர் பண்ணுங்க, சத்தமும் சேர்ந்து போகும்.

இழுபடுறது வேற கதை. நீங்க யூடியூப்ல போட்டத சூம்ல ஷேர் பண்ணக்குள்ள என்ன நடக்குதுண்டா, வீடியோ முதல்ல இன்டர்நெட்ல இருந்து உங்க லப்டொப்புக்கு இறங்குது, அது ஸ்கிரீன்ல ஓடுறத சூம் திருப்பிப் படமெடுத்து சுருக்கி உங்க ரவுட்டரால மேல அனுப்புது, அங்க இருந்து 38 போனுக்கு இறங்குது. ஏறுறதும் இறங்குறதும் ஒரே லைன்ல. வீட்டு 4ஜி ரவுட்டர்ல இறங்குற வேகம் நல்லா இருந்தாலும் ஏத்துற வேகம் அனேகமா குறைவு, பின்னேரம் எல்லாரும் பாவிக்கிற நேரம் இன்னும் மோசம்.

சூம்காரனே ஒரு கணக்கு போட்டிருக்கான், ஸ்லைட் மாதிரி அசையாதத மட்டும் ஷேர் பண்ணினா செக்கனுக்கு 50 முதல் 75 கிலோபிட் போதும், குரூப் வீடியோண்டா 600 கிலோபிட்ல இருந்து மேல. பத்து மடங்கு வித்தியாசம். அதனாலதான் ஸ்லைட் வகுப்பு நல்லாப் போய் வீடியோ போட்டதும் படுத்துடுது.

கட்டாயம் வகுப்புக்குள்ளயே போடணும்டா, வீடியோ பைல் உங்க லப்டொப்பிலயே இருந்தா, ஷேர் பெட்டியில அட்வான்ஸ்ட் பக்கம் போய் "வீடியோ" எண்டத எடுத்து அந்த எம்பி4 பைல குடுங்க. இறங்குற வேலை மிச்சம், விளம்பரமும் வராது. ஆனா உண்மையச் சொன்னா லைவ் வகுப்புல 11 நிமிஷ வீடியோவ ஓட்டுறதே தேவையில்லாத வேலை. லிங்க சாட்ல போட்டுட்டு "இப்ப அவங்கவங்க போன்ல பாத்துட்டு வாங்க" எண்டா வீடியோ நேரா அவங்க போனுக்கே இறங்கும், உங்க ரவுட்டர் அதுல இல்லவே இல்ல.


மூணு புள்ளட உம்மா:

கேபிள்தம்பி செல்றது மிஸ்ஸுக்கு லேசு, எங்களுக்கு? தெமட்டகொடைல எங்கட ஊட்ல மூணு புள்ள, போன் ரெண்டு, அதுல ஒண்டு வாப்பா கடைக்கு கொண்டு போறது. சூம்ல ஈக்கக்கொள்ள லிங்க அமத்தினா பழைய போன் சூம தூக்கி வெளில போட்டுடும், பொறகு திரும்ப உள்ள வர மிஸ் எடுக்கோணும், மிஸ் பாடத்துல ஈப்பாங்க, புள்ள வெய்ட்டிங் ரூம்ல அழுதுட்டு ஈக்கும். இது எங்க ஊட்ல நடந்த கதை.

டேட்டாவும் பாருங்க. செக்கனுக்கு 600 கிலோபிட்ண்டா பத்து நிமிஷத்துக்கு 45 எம்பி, என்ட மூத்தவன் கணக்குப் போட்டு செல்றான். ஒரு பாடத்துக்குப் பரவால்ல, ஏழு பாடம் மூணு புள்ளைக்கு? மாசம் முடிய முந்தி ரீலோட் போடுறது நாங்க.

வீடியோ வாணாம்னு செல்லல. நல்ல வீடியோ பாத்து எண்ட சின்னவ இதயம் எப்பிடி வேல செய்றண்டு எனக்கே விளங்கப்படுத்தினா. முந்தின நாளே வாட்ஸ்அப்ல சின்னதா அனுப்புங்க, ராவைக்கு எல்லாரும் ஊட்ல ஈக்கக்கொள்ள ஒரே போன்ல மூணு பேரும் பாக்கட்டும்.


வெண்கட்டி:

பிள்ளை, 31 வருஷம் பௌதிகவியல் படிப்பிச்சு ஓய்வெடுத்த ஆள் நான், கரும்பலகையிலதான் முக்கால்வாசிக் காலம். ஒன்லைனுக்கு வந்தது கடைசி நேரம். தம்பி சொன்ன டிக்கைப் போடுங்கோ, அம்மா சொன்ன மாதிரி முதல் நாள் அனுப்புங்கோ, ரெண்டும் சரி. ஆனா சத்தம் ஒழுங்காப் போயிருந்தாலும் அடுத்த நாள் ஐஞ்சு பேர் எழுதினது பத்துப் பேரா வந்திருக்கும், அவ்வளவுதான்.

ஏன் எண்டு கேளுங்கோ. நீங்கள் போட்டது தமிழ்நாட்டு வீடியோவா? தமிழில தேடினா வாறதில கனக்க அங்கத்தைய வீடியோதான், அருமையாச் செய்திருப்பினம், குறை சொல்லேலாது. ஆனா அவை செல் எண்டுவினம், நாங்கள் கலம் எண்டு படிப்பிக்கிறம். அவைக்கு குரோமோசோம், எங்களுக்கு நிறமூர்த்தம். அவையின்ர உட்கரு எங்களுக்குக் கரு, மைட்டோகாண்ட்ரியா எங்களுக்கு இழைமணி, ஒளிச்சேர்க்கை எங்களுக்கு ஒளித்தொகுப்பு, ஆக்சிஜன் எங்களுக்கு ஒட்சிசன். ஓடிக்கொண்டிருக்கிற வீடியோவில பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள்ள மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும், அதுக்குள்ள படம் தாண்டிப் போயிடும்.

வேற சொல் எண்டாலும் பரவாயில்லை, ஒரே சொல் வேற கருத்தில வாறது இன்னும் கரைச்சல். என்ர பாடத்தில முடுக்கம் எண்டு அவை சொன்னா ஆர்முடுகல் எண்டு ஒருக்கா சொல்லிக் குடுத்தால் போதும். ஆனா "வேகம்" எண்டா அங்க ஸ்பீட், அதுக்குத் திசை கிடையாது, திசையோட வாறதை அவை திசைவேகம் எண்டுவினம். எங்கட பாடப்புத்தகத்தில ஸ்பீட் எண்டால் கதி, வேகம் எண்டாலே திசையோடதான். ஒரு பெட்டை அங்கத்தைய வீடியோ பாத்து வடிவாப் படிச்சிட்டு வந்து சோதனையில கதிக்கும் வேகத்துக்கும் தலைகீழா எழுதி வச்சிருந்தது. அவளில பிழை இல்லை, முதல் சொல்லிக் குடுக்காத என்னிலதான் பிழை. அழுத்தமும் அப்பிடித்தான், அவையின்ர அழுத்தம் எங்களுக்கு அமுக்கம், எங்களுக்கு அழுத்தம் எண்டா மின்பாடம் நினைவுக்கு வரும்.

நான் செய்யிறது என்னெண்டால், வீடியோவின்ர சத்தத்தை முழுக்க நிப்பாட்டிப்போட்டு நானே கதைப்பன், எங்கட சொல்லில. சத்தம் போகேல்ல எண்டு நீங்கள் தலையில கைவச்ச இடம்தான் எனக்கு வேண்டிய இடம். 11 நிமிஷத்தில உங்களுக்கு வேண்டியது ஒண்டரை நிமிஷம் இருக்குமோ? அதை மட்டும் எடுங்கோ. யூடியூப்பை நிப்பாட்டி வச்சுக்கொண்டு கீபோர்ட்டில புள்ளி கீயை அமத்தினா ஒவ்வொரு பிரேமா முன்னுக்குப் போகும், கமா அமத்தினா பின்னுக்கு வரும். நெட் இழுத்தாலும் பிரச்சினை இல்லை, ஏனெண்டா நீங்கள் அனுப்புறது அசையாத படம், ஸ்லைட் மாதிரி.

நிறமூர்த்தங்கள் நடுவில நிரைக்கு வந்ததும் அப்பிடியே நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டிப்போட்டு, "அடுத்தது என்ன நடக்கும், கொப்பியில கீறுங்கோ, ரெண்டு நிமிஷம்." கீறினதைப் போனில படமெடுத்து வாட்ஸ்அப்பில போடச் சொல்லுங்கோ. பாதிப்பேர் முழு நிறமூர்த்தத்தையே அங்கால ரெண்டு இங்கால ரெண்டு எண்டு பங்கு பிரிச்சுக் கீறியிருப்பினம், ஒவ்வொண்டும் நடுவால பிரியுது எண்டு விளங்கியிராது. அதில ரெண்டு மூண்டைக் காட்டிப் பேர் சொல்லாம, "இப்பிடிப் பிரிஞ்சா ஒரு மகட்கலத்தில எத்தினை இருக்கும்" எண்டு கேளுங்கோ. அதுக்குப் பிறகு வீடியோவை ஓட விடுங்கோ. அப்ப பாருங்கோ, 20 செக்கன் வீடியோ போதும்.

இது என்ர சொந்தச் சரக்கு எண்டு நினைக்காதேங்கோ. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சாண்டா பார்பராவில ரிச்சர்ட் மேயர் எண்ட உளவியல் பேராசிரியர் இதைப் பற்றிக் கனகாலம் ஆராய்ச்சி செய்தவர். படம் ஓடேக்க குரலும் வந்து அதே வசனம் எழுத்திலயும் வந்தால் படிப்பு கூடாது, குறையும் எண்டு காட்டினவர், ஏனெண்டால் கண் எழுத்துக்குப் போனால் படத்தை விட்டிடும். துண்டு துண்டாக் குடுத்து, பிள்ளை தானே அடுத்ததுக்குப் போற மாதிரி விட்டால் நல்லா விளங்குது எண்டதும் அவற்ற முடிவு. நாங்கள் என்ன செய்யிறம், வீடியோ கதைக்குது, கீழ சப்டைட்டில் ஓடுது, அதுக்கு மேல நாங்களும் "பாருங்கோ பாருங்கோ" எண்டு கத்துறம்.


பின்வாங்கு:

நான் மாணவன், போன வருஷம்தான் ஏ/எல் எழுதுனேன். சொந்த ஊரு ஹட்டன் பக்கம் தோட்டம், இப்ப கொட்டாஞ்சேனைல ரூம் எடுத்து வேலை பாக்குறேன். மிஸ் கோவிக்கலன்னா உண்மைய சொல்லிடுறேன்.

வீடியோ போடுறேன்னு சார் சொன்னதும் எங்களுக்கு அது இன்டர்வெல். கேமரா ஆஃப், மைக் மியூட், நான் டீ குடிக்க போயிருவேன். சத்தம் வரலன்னு யாரும் சொல்லாததுக்கு காரணம் வெக்கம் இல்ல மிஸ், அங்க யாரும் இல்ல. "ஓம் மிஸ்" போடுறது ஒருத்தன் போட்டா பின்னாலயே எல்லாரும் போடுறது, அதுக்கு என்ன கேள்வின்னே தெரியாது.

எங்க லைன் வீட்டுல சிக்னல் இல்ல, மேல தேயில மலைக்கு ஏறி பாறைல உக்காந்துதான் கிளாஸ் பாப்போம், மழை வந்தா குடை. அங்க லைவ் வீடியோ ஒரு தடவ கூட ஒழுங்கா ஓடுனதில்ல. ஆனா ஒரு சார் மட்டும் ரெண்டு மூணு நிமிஷ வீடியோவா வெட்டி முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல அனுப்புவாரு, கூடவே ஒரு கேள்வி, அதுக்கு பதில் வீடியோல நேரா இருக்காது, யோசிச்சாதான் வரும். காலைல கிளாஸ் தொடங்குனதும் முதல் வேலை பேர் கூப்பிட்டு அந்த கேள்வி. அதனால பாத்தோம். பயத்துலதான். ஆனா பாத்தோம், ஒரு தடவ இல்ல, விளங்காத எடத்துல நிப்பாட்டி நிப்பாட்டி. லைவ்ல நிப்பாட்டுங்கன்னு மிஸ்கிட்ட எவன் சொல்லுவான்?


சயன்ஸ்மிஸ்:

பின்வாங்கு, கோவமா, சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது. ஆனா 'அங்க யாரும் இல்ல' எண்டது கொஞ்சம் சுட்டதுதான்.

வெண்கட்டி சேர், நீங்கள் சொன்னது அப்பிடியே சரி, அது தமிழ்நாட்டு வீடியோதான். குரோமோசோம் எண்டு சொல்லச் சொல்ல நான் நடுவில "அதாவது நிறமூர்த்தம்" எண்டு கத்திக்கொண்டிருந்தனான்.

ரெண்டு சந்தேகம். ஒண்டு, எத்தினை நிமிஷத்துக்கு வெட்டுறது? மற்றது, ஆற்றையோ வீடியோவை நான் இறக்கி வெட்டி வாட்ஸ்அப்பில விடலாமோ? நான் காசு வாங்கிப் படிப்பிக்கிறனான், நாளைக்கு ஆரும் வந்து கேட்டா?


கேபிள்தம்பி:

நீளத்துக்கு ஒரு பதில் இருக்கு. 2014ல எடெக்ஸ் எண்ட ஒன்லைன் கோர்ஸ் தளத்துல நாலு கோர்ஸ எடுத்து, 69 லட்சம் தடவ வீடியோ பாத்த பதிவுகள வச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும் பாக்கிற நேரத்துட இடையம், அதாவது வரிசைப்படுத்தினா நடுவுல வாற அளவு, 6 நிமிஷத்த தாண்டல. அது பல்கலைக்கழகப் பாடம், தானா விரும்பிச் சேர்ந்தவங்க. எங்கட பத்தாம் வகுப்புக்கு மூணு நிமிஷமே கூடத்தான்.

அனுப்பக்குள்ள 480பி போதும், ஹேண்ட்பிரேக் எண்ட மென்பொருள் சும்மா கிடைக்கும், அதுல சுருக்கிட்டு அனுப்புங்க. வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா அது இன்னும் சுருக்கும், டயகிராம்ல சின்ன எழுத்து இருந்தா வாசிக்க ஏலாமப் போகும், அப்படிண்டா மட்டும் டொகியூமென்ட்டா அனுப்புங்க, சுருங்காமப் போகும்.

மற்றக் கேள்விக்கு நான் சட்டத்தரணி இல்ல, ஆனா கடைக்கு வாற டியூசன் ஆக்களோட கதைச்சு கொஞ்சம் வாசிச்சன். எங்கட நாட்டுல 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு, அதுல 11வது பிரிவு நியாயமான பயன்பாடு பத்தினது, கற்பித்தலும் அதுக்குள்ள வருது. ஆனா நியாயமா இல்லையா எண்டு பாக்கிறதுல வணிக நோக்கமா, இலாபமில்லாத கல்விக்கா எண்டதும் ஒரு விஷயம், டியூசன் காசு அங்கதான் இடிக்கும். அதோட யூடியூப் வீடியோவ இறக்கி எடுக்கிறது அவங்கட நிபந்தனைக்கே எதிர். லிங்க் அனுப்புறது பிரச்சினை இல்ல, எந்த நிமிஷத்துல தொடங்கணுமோ அந்த இடத்துல இருந்தே தொடங்குற மாதிரி லிங்க் எடுக்கலாம், ஷேர் அமத்தினா "ஸ்டார்ட் அட்" எண்டு வரும். யூடியூப் தேடல்ல கிரியேட்டிவ் கொமன்ஸ் எண்டு வடிகட்டியும் தேடலாம், அதுல உள்ளத ஆக்கள்ட பேரப் போட்டு வெட்டிப் பாவிக்க அனுமதி இருக்கு.

எல்லாத்தயும் விட நல்லது நீங்களே எடுக்கிறது. போன் போதும்.


சயன்ஸ்மிஸ்:

ரெண்டு கிழமை கழிச்சு வாறன், சொல்லாமப் போகக்கூடாது எண்டு.

நானே எடுத்தன். சாப்பாட்டு மேசையில வெள்ளை பிறிஸ்டல் போட், அதில சோக்கால பெரிய வட்டம், கலம். நிறமூர்த்தத்துக்கு சிவப்பு, நீலம் கம்பளி நூல், நடுவில ரெண்டு இழையையும் சேத்துப் பிடிக்கச் சட்டைப் பொத்தான். ரெண்டு கதிரையில அகப்பைக்காம்பை வச்சுக் கட்டி அதில போனைக் குப்புறத் தொங்கவிட்டன், அம்மா வந்து பாத்திட்டு இதென்ன செய்வினை சூனியமோ எண்டு கேட்டவ. நூலைக் கையால கொஞ்சம் கொஞ்சமா இழுத்து நானே கதைச்சு, கலம் கரு நிறமூர்த்தம் எண்டு எங்கட சொல்லில, மூண்டு துண்டு, ஒவ்வொண்டும் ரெண்டரை நிமிஷத்துக்குள்ள. முதல் தரம் எடுத்ததில கோச்சி வந்திட்டுது, ரெண்டாந்தரமும் வந்தது, பிறகு நேர அட்டவணை பாத்துத்தான் எடுத்தன்.

முந்தின நாள் இரவு முதல் துண்டையும் ஒரு கேள்வியையும் அனுப்பினன், "நீல நூலை நான் இழுக்கேக்க பொத்தான் ஏன் ரெண்டாகோணும்?" எண்டு. வகுப்பில வீடியோ போடவே இல்லை. நிரைக்கு நிக்கிற படத்தை மட்டும் ஸ்லைட்டாப் போட்டுக் கீறச் சொன்னன். சேர் சொன்னது அப்பிடியே நடந்தது, கனபேர் முழுசு முழுசாப் பங்கு பிரிச்சுத்தான் கீறினவை. அதில நிண்டு அரை மணித்தியாலம் போச்சு, பாடத்திட்டம் பின்னுக்குப் போகுது, அது இன்னொரு தலையிடி. இந்தமுறை கேள்விக்கு 38ல 22 பேர் சரி. பொத்தான் கேள்விக்கு ஒருத்தி "உறுதியான பொத்தான் எண்டா நூல்தான் அறும் மிஸ்" எண்டு எழுதியிருந்தவள், அவளுக்கு என்ன புள்ளி போடுறது எண்டு இன்னும் தெரியேல்ல.

ஆறு பேர் வீடியோவைத் திறக்கவே இல்லை. கேட்டா நாலு பேருக்கு சாக்கு, ரெண்டு பேருக்கு உண்மையாவே போன் இல்லை, அப்பா வேலைக்குக் கொண்டு போறவராம்.

அடுத்தது மின்சுற்று. அதை நூலால செய்யேலாது. ஆரும் யோசனை?


வெண்கட்டி:

22 எண்டா கெட்டித்தனம். பொத்தான் பெட்டைக்கு முழுப்புள்ளியும் போடுங்கோ.

மின்சுற்றுக்கு வீடியோவே தேவையில்லை, பெட் (PhET) எண்டு கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் செய்யிற சிமுலேஷன்கள், அதுதான் திரையில நாங்களே இயக்கிப் பாக்கிற பரிசோதனைகள், இருக்கு, நோபல் பரிசு வாங்கின பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002ல தொடங்கினது, இலவசம். மின்கலம், வயர், பல்ப் எல்லாம் இழுத்துப் பொருத்தலாம், பிழையாப் பொருத்தினா நெருப்பும் பத்தும், பிள்ளையளுக்கு அதுதான் பிடிச்சது. சிலதுக்குத் தமிழும் இருக்கு, ஆனா சொல்லு எங்கட சொல்லோ எண்டு முதல் நீங்கள் பாருங்கோ. ஒருக்கா இறக்கி வச்சா நெட் இல்லாமலும் ஓடும்.


பின்வாங்கு:

போன் இல்லாத அந்த ரெண்டு பேருக்கு மிஸ், வீடியோவ எத்தன மணிக்கு அனுப்புறீங்க? எங்க அப்பா வேலை முடிஞ்சு வர எட்டரை ஆகும், போன் சார்ஜ் ஏறி கைக்கு வர ஒம்பது. ஏழு மணிக்கு அனுப்புனா ஒம்பது மணிக்குள்ள மத்த குரூப் மெசேஜெல்லாம் வந்து அது மேல போயிரும், தேடமாட்டானுங்க. ஒம்பதே காலுக்கு அனுப்பி பாருங்க.


மூணு புள்ளட உம்மா:

ஒம்பதே கால் சரி. பத்துக்குப் பொறகு வாணாம், நாங்க படுத்துடுவோம். அந்த நூல் வீடியோவ இங்கயும் போடுங்க மிஸ், எண்ட மூத்தவனுக்கும் அடுத்த தவணை அந்தப் பாடம்தான்.